தேடலில் வராத மணமகள்

பிரவுசர் தானாகத் திறந்துகொண்டது. யாரும் தொடாமலே பெயர்க் கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. தயிர்சாத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கோகிலவாணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயரைத் தான் எழுதாமல் வேறொன்று எழுதுவதைப் பார்க்க இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. அடுத்தது பிறந்த தேதி, அடுத்தது உயரம், அடுத்தது மாவட்டம். அந்த மாவட்டக் கட்டத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கும், பட்டியல் விரிய நேரமாகும், விரிந்ததும் கோயம்புத்தூரைப் பிடித்துக்கொண்டு மேலே போகும். பேய் வேலை ஒன்றும் இல்லை. அவள் எழுதிவைத்த ஸ்கிரிப்ட், அவள் சொன்னபடி நடக்கிறது. இந்த உலகத்தில் அவள் சொன்னபடி நடப்பது அது ஒன்றுதான் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு திருமணத் தளத்தைச் சோதிப்பது அவள் வேலை. தளத்தைச் செய்கிறவர்கள் எதையாவது மாற்றினால், அது ரிலீசாகி ஊருக்குப் போவதற்கு முன்னால் இந்தக் கருவி ஒரு மணமகள் மாதிரி உள்ளே போகும், பதிவு செய்யும், போட்டோ ஏற்றும், வரன் தேடும், தன்னை யாராவது தேடினால் கிடைக்கிறோமா என்று பார்க்கும், வந்த விருப்பத்தை ஏற்றுக்கொள்ளும், வெளியே வரும். எல்லாம் முடிந்ததும் தானே உட்கார்ந்து ஒரு ரிப்போர்ட் கட்டும். சரியானதற்குப் பச்சை, தவறியதற்குச் சிவப்பு. ஐந்து மணிக்குள் அவள் அதை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். பெங்களூரில் இருக்கிற மேனேஜர் ஹேமந்த் அதன் முதல் பக்கத்து வட்டத்தை மட்டும் பார்ப்பான். வட்டம் முழுசாகப் பச்சை என்றால் உள்ளே ஒரு எழுத்துகூடப் படிக்க மாட்டான். இன்றைக்குக் காலையிலிருந்து வட்டத்தில் ஒரு கீற்றுச் சிவப்பு. மணமகளைத் தேடினால் மணமகள் கிடைக்கவில்லை என்கிறது. அதே ஐந்து மணிக்குள் அம்மாவுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். அதையும் காலையிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறாள்.

விளக்கு அணைந்தது. அவள் டப்பாவிலிருந்து கையை எடுத்துத் தலைக்கு மேல் ஆட்டினாள், விளக்கு எரிந்தது. இந்த நாலாவது மாடியில் அசைவு இல்லாவிட்டால் விளக்கு தானாக அணைந்துவிடும். முன்பெல்லாம் மாடி முழுக்க ஆட்கள் இருந்தார்கள், அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே யாருக்கும் தெரியாது. இப்போது எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள். சோதனை மட்டும் இந்தக் கட்டடத்துக்குள் இருந்துதான் ஓட வேண்டும் என்று தளத்தின் சொந்தக்காரர்கள் நிபந்தனை போட்டிருக்கிறார்கள், அதனால் யாராவது ஒருவர் வந்தாக வேண்டும். யார் வருவது என்று கூட்டம் போட்டுப் பேசியபோது ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. குழந்தை, மாமியார், குழந்தையின் பரீட்சை. கோகிலாவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்றா சொல்வது. நான் வர்றேன் என்றாள். எல்லோரும் நன்றி சொன்னார்கள். வரிசை வரிசையாக நாற்காலிகள், சிலவற்றின் முதுகில் இன்னும் யாருடையதோ ஸ்வெட்டர். காலை மீட்டிங்குக்கு முன்னால் அவள் ஒரு தடவை ஹலோ சொல்லிப் பார்த்துக்கொள்வாள். எழுந்ததிலிருந்து யாரிடமும் பேசியிருக்க மாட்டாள் என்பதால் தொண்டை கட்டிக்கொண்டு முதல் வார்த்தை காற்றாகப் போய்விடும். ஒருநாள் அப்படி ஹலோ சொன்னபோது தண்ணீர் கேன் போடுகிறவர் பின்னால் நின்றிருந்தார். அவரும் ஹலோ என்றார். அன்றைக்கு முழுக்க அவளுக்கு என்னவோ நல்ல நாளாக இருந்தது. அதே நினைப்பிலிருந்து வழுக்கி வேறொன்றில் போய் விழுந்தாள். இங்கே பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும். விளக்கு அணையும். நாளைக் காலையில் நேரம் வந்ததும் ஸ்கிரிப்ட் தானாகக் கிளம்பும், அவள் பெயரை எழுதும், கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுக்கும், ரிப்போர்ட் கட்டும். பச்சையாக இருந்தால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். சே, சாப்பிடும்போது என்ன யோசனை இது.

காலையில் அவள் பஸ்ஸில் வரும்போதே அம்மா கூப்பிட்டிருந்தாள். "அஞ்சு மணிக்குள்ள ஒண்ணு சொல்லிப்போடு கண்ணு. அவீங்களும் எத்தன நாளைக்குத்தான் காத்திருப்பாங்க, வேற எடத்துல பேசோணும்னு இருக்குமல்ல." அவீங்க என்றால் பெருந்துறை மோகனசுந்தரம். டைல்ஸ் கடை, சொந்த வீடு, மனைவி இறந்து மூன்று வருஷம், எட்டாவது படிக்கிற ஒரு பெண். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவரே போன் செய்து பேசினார். சாப்பிட்டீர்களா என்று கேட்டார், கடையைப் பற்றிச் சொன்னார், மாடியை வாடகைக்கு விட்டிருப்பதைச் சொன்னார், மகள் நன்றாகப் படம் வரைவாள் என்றார். குரல் நன்றாக இருந்தது, அவசரமில்லாத குரல். பிறகு, "வேலை எத்தன மணிக்கு முடியுமுங்க?" என்றார். அவ்வளவுதான் கேள்வி. வேறு எதுவும் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் "அது ரிலீசைப் பொறுத்துங்க" என்று அசட்டுத்தனமாகச் சிரித்தாள், அவரும் சிரித்தார், பேச்சு முடிந்தது. அந்த ஒரு வாக்கியத்தை அன்றிலிருந்து மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கிறாள். பல் விளக்கும்போது ஓட்டினால் அக்கறையாகக் கேட்கிறது, பாவம், இருட்டிய பிறகு தனியாக வருவாளே என்று கேட்டிருப்பார். துணி மடிக்கும்போது ஓட்டினால் கணக்காகக் கேட்கிறது, இவள் எப்போது வந்து எப்போது உலை வைப்பாள் என்று. வாக்கியம் மாறவில்லை, ஒரு தடவை பச்சை, ஒரு தடவை சிவப்பு. டெஸ்டுகளிலும் அப்படிச் சில உண்டு. இப்போது தவறும், எதையும் தொடாமல் அப்படியே மறுபடி ஓட்டினால் தேறும். நெட் மெதுவாக இருந்திருக்கும், ஒரு பொத்தான் தாமதமாக வந்திருக்கும். அதற்கென்று குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள், மூன்று தடவை ஓட்டு, ஒரு தடவை பச்சை வந்தாலும் பச்சை என்றே எழுது. ஹேமந்த் கொண்டுவந்த வழக்கம். கோகிலாவுக்கு அது ஆகவே ஆகாது. மூன்று தடவையில் ஒரு தடவை நிற்கிற பஸ்ஸை நிற்கிற பஸ் என்று சொல்வீர்களா என்று சண்டைகூடப் போட்டிருக்கிறாள். ஆனால் பெருந்துறை விஷயத்தில் நாலு நாளாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள். இன்னொரு தடவை ஓட்டுவோம், பச்சை வந்தால் சரி என்று சொல்லிவிடுவோம். சொல்லிவிட்டால் என்ன. சாயங்காலம் ஒரு வீட்டுக்குள் போகும்போது உள்ளே ஏற்கனவே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கையைத் தூக்கி ஆட்ட வேண்டியதில்லை. அதற்காக மட்டும் ஒருவரைக் கட்டிக்கொள்ளலாமா என்றால், எதற்காகவோ எல்லோரும் கட்டிக்கொள்ளத்தானே செய்கிறார்கள்.

திரையில் மணமகளின் போட்டோ ஏறிக்கொண்டிருந்தது. பெரியப்பா மகள் கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற அக்காவை வெட்டியும் அவளுடைய தோள் மட்டும் ஓரத்தில் மிச்சமாக நிற்கிறது. சோதனை மாப்பிள்ளைக்கு முகம் வேண்டாம் என்று, கூட வேலை பார்க்கிற அஃப்ரீன் ஒரு பூசணிக்காய்ப் படத்தை வைத்திருந்தாள். தினமும் பூசணிக்காய் மணமகளுக்கு விருப்பம் அனுப்பும், மணமகள் ஏற்றுக்கொள்ளும், அடுத்த நிமிஷம் ஸ்கிரிப்ட் இரண்டு பேரையும் அழித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும், மறுநாள் அவர்கள் புதிதாகப் பிறந்து வந்து மறுபடி சம்மதிப்பார்கள். அஃப்ரீன் முன்பு பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள், கீபோர்டுக்குள் முறுக்குத் தூளைக் கொட்டிக்கொண்டு. இப்போது பெங்களூரில் இருக்கிறாள், இரண்டாவது குழந்தை. மூன்றாவது ஓட்டம் தேடல் பக்கத்துக்கு வந்தது, நின்றது, சிவப்பானது. தவறும்போது கருவி அந்தப் பக்கத்தை ஒரு படம் பிடித்துவைக்கும். காலையில் இரண்டு தடவையும் அவள் அந்தப் படத்தைத் திறக்கவில்லை, தளத்தின் கோளாறுதான் என்று முடிவு கட்டிவிட்டு வேறு வேலை பார்த்தாள். இப்போது திறந்தாள். வயது இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து வரை. பொருத்தமான வரன்கள் இல்லை. கீழே ரிப்போர்ட் தன் பாஷையில் சொல்லியிருந்தது, இருக்க வேண்டியது ஒன்று, இருப்பது பூஜ்யம். கோகிலா ஊறுகாய்க் கையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தளத்தில் கோளாறே இல்லை. தளம் சரியாகத்தான் தேடியிருக்கிறது. காலையில் பேங்கிலிருந்து ஒரு வாழ்த்து வந்தது, நகைக்கடையிலிருந்து ஒன்று வந்தது, பல் டாக்டர் கிளினிக்கிலிருந்து கேக் படத்தோடு ஒன்று வந்தது, எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே தள்ளிவிட்டாள். இன்றைக்கு அவளுக்கு முப்பத்தாறு.

அந்த ஸ்கிரிப்டை எழுதும்போது அவளுக்கு இருபத்தொன்பது. மணமகளுக்கு ஒரு பிறந்த தேதி வேண்டியிருந்தது, யோசிக்கவே இல்லை, எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் கை தானாக எழுதுமே, அப்படித் தன்னுடையதையே அடித்துவிட்டாள். தேடுகிற வயதுக்கு முப்பத்தைந்து வரை என்று போட்டதும் அவள்தான். முப்பத்தைந்து அன்றைக்கு எங்கேயோ வெளிநாட்டில் இருந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தாளா, நினைக்கக்கூட இல்லை, ஒரு எண் வேண்டியிருந்தது, போட்டாள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், தேதியை ஸ்கிரிப்டுக்குள் நேராக எழுதாதே, ஒருநாள் அது வந்து காலை வாரும். ஏழு வருஷம் அது தினமும் தேடியது, தினமும் அவள் கிடைத்தாள். நேற்றுக்கூடக் கிடைத்தாள். சாட்டில் அஃப்ரீனுக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னாள், யாருடைய தேதி என்று சொல்லவில்லை. அஃப்ரீன் சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டாள். "அக்கா நீங்களே இப்படிப் பண்ணிட்டீங்களா. இன்னைக்குத் தேதியில இருந்து இருபத்தெட்டு வருஷம் கழிக்கிற மாதிரி மாத்திருங்க. எப்பவும் இருபத்தெட்டு, பிரச்சினையே இல்ல." சரியான வைத்தியம்தான், அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள், ஒரே ஒரு வரி. அந்த வரியை அடித்தாள். சேமிக்கிற பொத்தான் மேல் விரல் நின்றது. இனி மணமகளுக்கு என்றைக்கும் இருபத்தெட்டு. போட்டோவில் ஏற்கனவே அப்படித்தான் இருக்கிறாள், அக்காவின் தோளோடு. நாளையும் கிடைப்பாள், பத்து வருஷம் கழித்தும் கிடைப்பாள், பூசணிக்காய் விருப்பம் அனுப்பும். கோகிலாவுக்கு அந்தப் பெண் மேல் பொறாமை வந்தது. நிஜமான பொறாமை. விளக்கு அணைந்தது. இந்தத் தடவை அவள் உடனே கையைத் தூக்கவில்லை. இருட்டில் திரை மட்டும் தெரிந்தது, மூன்று சிவப்பு வரிகள். மூன்று தடவையும் ஒரே பதில். ஒரு டெஸ்ட் தவறினால் இப்படித்தான் தவற வேண்டும். மோகனசுந்தரம் கேட்ட கேள்விதான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் அவள் அதை மனசுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு பொத்தான் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அதை அமுக்கிப் பார்க்க வேண்டும், எதிரே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பாளா எவளாவது. பதினாலு வருஷ அனுபவம் என்று வேறு சொல்லிக்கொள்கிறாள். போனை எடுத்தாள்.

கடையில்தான் இருந்தார். பின்னால் யாரோ பெட்டிகளை இறக்கும் சத்தம். "சொல்லுங்க" என்றார், ஆச்சரியத்தை மறைத்துக்கொண்டு. அவள் ஒருதடவை செருமிவிட்டு, "அன்னைக்கு வேல எத்தன மணிக்கு முடியும்னு கேட்டீங்களே, எதுக்குங்க கேட்டீங்க?" என்றாள். அவர் கடைக்கு வெளியே வந்திருக்க வேண்டும், லாரி ஹாரன் கேட்டது. "மறைக்கறதுக்கு என்னங்க இருக்கு. பாப்பா நாலே முக்காலுக்கு வேன்ல வந்து எறங்கும். பக்கத்து ஊட்டுல சாவி வாங்கித் தொறந்துட்டுத் தனியா உக்காந்திருக்கும். நான் கடை சாத்திட்டு வர எட்டு மணி ஆயிருமுங்க. அந்த நேரத்துக்கு ஊட்டுல ஒரு ஆளு வேணும். அதுக்குத்தான் கேட்டேன்." அக்கறையும் இல்லை, உலை வைக்கிற கணக்கும் இல்லை. நாலு நாளாக ஓட்டிய எதிலும் இது வரவேயில்லை. "டிவி போட்டுக்குமா?" என்று கேட்டாள், ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "அதெப்படிங்க உங்களுக்குத் தெரியும்? பாக்கறதே இல்ல, சத்தம் மட்டும் ரோடு வரைக்கும் கேக்கும்." ஹாஸ்டல் அறையில் அவள் போனில் ஏதாவது பேச்சை ஓடவிட்டுவிட்டுத்தான் துணி மடிப்பாள். என்ன பேசுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. யூனிபார்ம் மாற்றாமல் சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிற ஒரு பெண், மடியில் படம் வரைகிற நோட்டு, காதில் விழாத டிவி. நான் வர்றேன் என்று வாய் வரை வந்துவிட்டது. அன்றைக்குக் கூட்டத்தில் வந்தது மாதிரியே, அதே இரண்டு வார்த்தை. சொன்னால் எல்லோரும் நன்றி சொல்வார்கள். "எனக்கு இங்க ஆறரைக்குத்தான் முடியுமுங்க. பெருந்துறை வந்து சேர எட்டரை ஆயிரும்" என்றாள். "இங்கயே ஏதாச்சும் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சர் வேல கெடைக்குமுங்க. எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க." கேவலமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார், ஏற்கனவே விசாரித்தும் வைத்திருக்கிறார். வரிசையாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தாள். இந்த வேலையில் அப்படி என்ன இருக்கிறது, ஒரு பூசணிக்காயும் ஒரு சிவப்புக் கீற்றும். ஆனால் அந்தச் சிவப்பு ஏன் வந்தது என்று கண்டுபிடித்தது அவள், இந்த மாடியில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க அவளைத் தவிர ஆள் இல்லை. "இந்த வேலைய விட மாட்டேனுங்க" என்றாள். குரல் சுத்தமாக வந்தது. "அப்படிங்களா. சரிங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "இல்லீங்க. பாப்பா பேரு என்ன?" "ஹர்ஷினிங்க." நல்ல பேர் என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வைக்கட்டுங்களா என்றார்கள். போனை வைத்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை, விக்கல்தான் வந்தது.

அம்மா ஒரே மணியில் எடுத்தாள், போனைக் கையிலேயே வைத்திருந்திருப்பாள். கோகிலா நடந்ததைச் சொன்னாள். "அவீங்க வேண்டாம்னாங்களா, நீ வேண்டாம்னியா?" என்றாள் அம்மா. "ரெண்டும் இல்லம்மா. அவுருக்கு அஞ்சு மணிக்கு ஊட்டுல ஆள் வேணும். நான் வேலைய உட்டாத்தான் முடியும்." "உட்டாத்தான் என்ன?" என்று கேட்டுவிட்டு அம்மாவே நிறுத்திக்கொண்டாள். கடைசியில், "உன்ற இஷ்டம் சாமி. வெள்ளிக்கிழம உன்ற பொறந்த நட்சத்திரம் வருது, கோயிலுக்குப் போயி அர்ச்சன வெச்சுட்டு வந்தர்றேன்" என்றாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தேதியெல்லாம் கணக்கில் இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை. இன்னைக்குத்தாம்மா என்று சொல்லலாமா என்று நினைத்தாள், சொன்னால் அம்மா பதறுவாள், மறந்துவிட்டேனே என்று மாய்ந்துபோவாள், வெள்ளிக்கிழமையே இருக்கட்டும். சரிம்மா என்றாள். கண்ணாடிக்கு வெளியே சத்தி ரோட்டில் பள்ளிக்கூட வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போக ஆரம்பித்திருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் யாரோ இறங்குவார்கள்.

ஐந்து மணிக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. அஃப்ரீன் சொன்ன வரி சேமிக்கப்படாமல் அப்படியே நின்றது. நாளைக்குச் சேமித்துக்கொள்ளலாம், நாளையிலிருந்து அந்தப் பெண் இருபத்தெட்டாகவே இருக்கட்டும், பூசணிக்காயோடு சௌக்கியமாக இருக்கட்டும். இன்றைக்கு அதை அழித்தாள். பழைய தேதி திரும்பி வந்தது. ரிப்போர்ட்டில் சிவப்பு வரிக்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும், வழக்கமாக நெட் தாமதம் என்று எழுதுவார்கள், யாரும் படிப்பதில்லை. கோகிலா அதில் எழுதினாள்: தளத்தில் கோளாறு இல்லை. சோதனை மணமகளுக்கு இன்று முப்பத்தாறு வயது ஆகிறது. தேடியவர்கள் முப்பத்தைந்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ரிலீசுக்குத் தடை இல்லை. ஒருமுறை படித்துப் பார்த்தாள். எழுத்துப்பிழை இல்லை. எல்லோருக்கும் அனுப்பினாள். விளக்கு அணைந்தது, கையை ஆட்டினாள், எரிந்தது. டப்பாவைக் கழுவலாம் என்று எழுந்தபோது சாட்டில் மணி அடித்தது, ஹேமந்த். வட்டத்தில் சிவப்பைப் பார்த்ததும் வழக்கம்போல, "ஒரு ரெட் இருக்கே, ரீ ரன் பண்ணீங்களா?" என்று கேட்டிருந்தான். மூணு தடவையும் ரெட், காரணம் எழுதியிருக்கேன் என்று பதில் போட்டாள். அவன் எழுதிக்கொண்டிருப்பதாக மூன்று புள்ளிகள் காட்டின, நின்றன, மறுபடி காட்டின. உள்ளே திறந்து படிக்கிறான் போலிருக்கிறது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. பிறகு வந்தது. "ஹாஹா, சூப்பர். ரிலீஸ் ஓகே. நம்ம டெஸ்ட் பொண்ணுக்கு ஹேப்பி பர்த்டே." பக்கத்தில் ஒரு கேக் பொம்மை. கோகிலா நின்றபடியே அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்குப் பதிலாக, தேங்க்ஸ் என்று அடித்து அனுப்பினாள்.